பத்திரிகைக்கு அரசு தரும் உதவி: எது தாங்குகிறது, எது கழுத்தைப் பிடிக்கிறது

பத்திரிகைகளுக்கு அரசு உதவலாமா, கூடாதா என்ற பட்டிமன்றத்துக்குள் இந்த மதிப்புரை போகவில்லை. பல நாடுகளில் அந்த உதவி அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. நான்கைந்து நிருபர்களோடு ஒரு சிறிய செய்தி நிறுவனத்தை நடத்துபவருக்கு, ஒரு சேவை என்ற அளவில் ஒவ்வொரு உதவியும் எப்படி வேலை செய்கிறது என்பதே இங்கே விஷயம்.

எடைபோட மூன்று கேள்விகள் போதும். பணத்துக்குக் கையெழுத்துப் போடுவது யார், அவர் மனம் மாறினால் நிறுத்த முடியுமா? எதை எண்ணித் தொகையைக் கணக்கிடுகிறார்கள்? சம்பளம் கொடுத்த நாளுக்கும் உதவி வந்து சேரும் நாளுக்கும் இடையே எத்தனை மாதம்? எவ்வளவு கிடைக்கும் என்பது நான்காவதாகத்தான் வரவேண்டும். அதையே முதல் கேள்வியாக வைத்துக்கொண்டு போனவர்கள்தான் பிறகு மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள்.

வரியும் தபாலும்

எல்லாவற்றிலும் பழையது, சத்தமில்லாதது இதுதான். அமெரிக்காவின் 1792ஆம் ஆண்டு தபால் சட்டப்படி ஒரு பத்திரிகைப் பிரதியை 100 மைல் வரை அனுப்ப 1 சென்ட், அதற்கு மேல் எவ்வளவு தூரமானாலும் ஒன்றரை சென்ட். அதே காலத்தில் ஒரு தாள் கடிதத்துக்குக் குறைந்தபட்சமே 6 சென்ட். பத்திரிகை அலுவலகங்கள் தங்களுக்குள் பிரதிகளைப் பரிமாறிக்கொள்ளக் கட்டணமே கிடையாது. செய்தியைச் சேகரித்து விற்கும் செய்தி முகமைகள் பிறப்பதற்கு முன் வெளியூர்ச் செய்தி ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போனது அப்படித்தான். என்ன எழுதுகிறாய் என்று தபால்காரர் கேட்க வேண்டிய அவசியமே இல்லாத உதவி. முதல் கேள்வியில் இதற்கு முழு மதிப்பெண் தரலாம்.

இன்றைய வடிவம் மதிப்புக் கூட்டு வரிச் சலுகை. பிரிட்டனில் 1973இல் அந்த வரி வந்த நாளிலிருந்து அச்சுப் பத்திரிகைக்கு விகிதம் பூஜ்யம். பிரான்சில் 2.1 சதவீதம். இங்கே ஒரு சொல்லைக் கவனமாகப் படிக்க வேண்டும். 'பூஜ்ய விகிதம்' என்பதும் 'வரிவிலக்கு' என்பதும் ஒன்றல்ல. காகிதம், மை, அச்சுக்கூலி, போக்குவரத்து எல்லாவற்றுக்கும் சேர்த்து 100 செலவு, அதன்மேல் 20 வரி கட்டியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். பூஜ்ய விகிதம் என்றால் விற்பனையில் வரி வசூலிக்க வேண்டாம், கட்டிய 20ஐயும் திரும்பக் கேட்கலாம். வரிவிலக்கு என்றால் விற்பனையில் வரி இல்லை, ஆனால் அந்த 20 திரும்பி வராது. அது உங்கள் அடக்க விலையில் ஏறிவிடும். அறிவிப்பில் 'பத்திரிகைகளுக்கு வரி கிடையாது' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் இந்த இரண்டில் எது என்று கணக்காளரிடம் கேட்காமல் விலை நிர்ணயிக்காதீர்கள்.

இந்த உதவியின் கோணல், 'பத்திரிகை' என்ற சொல்லுக்கான வரையறை காலத்துக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வருவது. ஒரே செய்தி காகிதத்தில் வந்தால் ஒரு வரி, திரையில் வந்தால் இன்னொரு வரி என்று பல ஆண்டுகள் இருந்தது. பிரான்ஸ் 2014இல் இணைய இதழ்களுக்கும் 2.1 சதவீதத்தைக் கொடுத்தது. நார்வே 2016 மார்ச்சில் மின் செய்திக்கும் பூஜ்யத்தை நீட்டியது. பிரிட்டன் 2020 மே 1இல்தான் அதைச் செய்தது. அதற்கு முந்தைய காலத்து மின் பதிப்புகளும் பத்திரிகைதான் என்று ஒரு பெரிய பதிப்பக நிறுவனம் வழக்காடி, 2023 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. சட்டம் எழுதப்பட்டபோது இல்லாத பொருளைச் சட்டத்துக்குள் திணிக்க முடியாது என்பது சாரம். வழக்காடும் வசதி சிறு பத்திரிகைக்கு இல்லை என்பதால், திரையில் பிறந்த நிறுவனங்கள் அந்த இடைக்காலம் முழுவதும் கூடுதல் வரியைச் சுமந்தன.

இன்னொரு குறை: வரிச் சலுகை விற்பனையோடு ஒட்டியது. நிறைய விற்பவருக்கு நிறைய மிச்சம், இலவச இதழுக்கு விற்பனைப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. நம்பகத்தன்மைக்கு 10க்கு 9, இல்லாதவனுக்குப் போய்ச் சேருவதில் 10க்கு 4.

உற்பத்தி மானியம்: வடக்கு நாடுகளின் கணக்கு

நார்வே 1969இலும் ஸ்வீடன் 1971இலும் தொடங்கிய நேரடி மானியத்தின் பின்னால் ஒரு தெளிவான நோயறிதல் இருந்தது. ஓர் ஊரில் இரண்டு பத்திரிகைகள் இருந்தால் விளம்பரதாரர் முதலாவதுக்குப் போகிறார். பத்தாயிரம் பிரதி அதிகம் விற்கும் இதழ் விளம்பரத்தில் பலமடங்கு முந்திவிடுகிறது. இரண்டாவது இதழ் வாசகர் இருந்தும் சாகிறது. எனவே இரண்டாம் இடத்துப் பத்திரிகைக்கும், மிகச் சிறிய உள்ளூர்ப் பத்திரிகைக்கும் பிரதி எண்ணிக்கை அடிப்படையில் பணம். ஸ்வீடனில் 2023 வரை, வெளியாகும் ஊரின் வீடுகளில் எத்தனை சதவீதத்தைப் பத்திரிகை எட்டுகிறது என்பது அளவுகோலாக இருந்தது. ஒரு வரம்புக்கு மேல் போனால் மானியம் கிடைக்காது என்று வைத்திருந்தார்கள்.

இதன் அழகு, கருத்துக்கு இங்கே இடமில்லை என்பது. நார்வேயில் அதிக மானியம் வாங்கிவந்த பத்திரிகைகளில் இடதுசாரி 'கிளாசேகாம்பென்' இருக்கிறது, கிறிஸ்தவ நாளிதழ் 'வோர்ட் லான்ட்' இருக்கிறது. பிரான்சில் விளம்பர வருமானம் குறைந்த தேசிய நாளிதழ்களுக்கான உதவியும் அப்படித்தான்: கம்யூனிஸ்ட் மரபில் வந்த 'லுமானிதே'யும் கத்தோலிக்க 'லா குருவா'வும் ஒரே பட்டியலில். எந்த அமைச்சருக்கும் இந்த இரண்டையும் ஒருசேரப் பிடித்திருக்க வாய்ப்பில்லை. விருப்பத்தால் நடக்காமல் வாய்ப்பாட்டால் நடக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் எதை எண்ணுகிறார்களோ அது வீங்கும். லக்சம்பர்க் 1976 முதல் அச்சிட்ட பக்கங்களைக் கணக்கில் சேர்த்துப் பணம் கொடுத்துவந்தது. பக்கத்துக்குப் பணம் என்றால் பக்கம் குறைக்க யாருக்கு மனம் வரும்? 2021இல் அந்த முறையைக் கைவிட்டு, முழுநேரப் பத்திரிகையாளர் ஒருவருக்கு ஆண்டுக்கு 30,000 யூரோ என்று மாற்றினார்கள். நிறுவனத்துக்கு ஒரு நிலையான தொகை கூடுதலாக உண்டு, மொத்தத்துக்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. டென்மார்க் 2014இல் விநியோக மானியத்தை விட்டு ஆசிரியர் குழுச் செலவை அடிப்படையாக எடுத்துக்கொண்டது. நுழைவுக்குக் குறைந்தது 3 முழுநேர ஆசிரியர் பணியிடம், ஒரு ஊடகத்துக்கு உச்சம் 1.75 கோடி குரோனர். தாளிலிருந்து ஆளுக்கு மாறியது இரண்டு நாடுகளிலும் சரியான திருத்தம். உச்சவரம்பு வைத்ததும் சரி. இல்லாவிட்டால் பெரிய குழுமம் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து பாயசம் வரை முடித்துவிடும்.

மானியம் உயிர்காக்கும் மருந்து என்று நினைத்தால் ஏமாற்றம். ஸ்வீடனின் மால்மோவில் 'ஆர்பேத்தெத்' நாளிதழ் பல பத்தாண்டுகள் மானியம் வாங்கியும் 2000 செப்டம்பரில் மூடப்பட்டது. கடன் ஏறி, வாசகர் வயதாகி, நிர்வாகம் தடுமாறினால் எந்த வாய்ப்பாடும் தூக்கி நிறுத்தாது. ஸ்வீடன் 2024 ஜனவரி 1 முதல் பழைய முறையை விட்டு, அச்சு, மின் என்ற பேதமின்றி, உள்ளூர்ச் செய்தி வறண்ட பகுதிகளுக்கு முன்னுரிமை தரும் புதிய சட்டத்துக்கு வந்திருக்கிறது. நோக்கம் நல்லது. ஆனால் 'வறண்ட பகுதி' எது, செய்தியின் 'தரம்' எது என்று ஒரு குழு உட்கார்ந்து முடிவெடுக்கும்போது, எண்ணுவதிலிருந்து மதிப்பிடுவதற்கு ஓர் அடி நகர்ந்துவிடுகிறோம். அந்த அடி சிறியது. அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கனடாவின் சம்பள வரித் தள்ளுபடி: நெருங்கிப் பார்த்தால்

புதிதாக ஒரு திட்டம் வடிவமைக்க விரும்பும் எந்த அரசும் இன்று முதலில் திருப்பிப் பார்ப்பது கனடாவை. 2019 வரவுசெலவுத் திட்டத்தில் வந்தது. செய்தியறை ஊழியர் சம்பளத்தில் 25 சதவீதத்தை அரசு திருப்பித் தரும், ஓர் ஊழியருக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளத்தின் உச்சம் 55,000 கனடிய டாலர். அதாவது தலைக்கு அதிகபட்சம் 13,750. பின்னர் 2023 ஜனவரி முதல் 4 ஆண்டுகளுக்கு 35 சதவீதம், உச்சம் 85,000, தலைக்கு 29,750 என்று உயர்த்தினார்கள். கட்ட வேண்டிய வரி இல்லாவிட்டாலும் தொகை பணமாகவே வரும். லாபமே பார்க்காத பத்திரிகைக்கு இது மிக முக்கியம். லாபத்தில் மட்டும் கழிக்கக்கூடிய சலுகை நஷ்டத்தில் ஓடுபவனுக்குக் காகிதத்தில் எழுதிய சர்க்கரை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 நிருபர்கள், ஆளுக்கு 60,000. புதிய விகிதத்தில் ஒருவருக்கு 21,000, நால்வருக்கு 84,000. பழைய விகிதத்தில் 55,000. ஏறக்குறைய ஒன்றரை நிருபரின் சம்பளம் திரும்ப வருகிறது. சிறு அலுவலகத்தில் ஒன்றரை ஆள் என்பது நகராட்சிக் கூட்டத்துக்கும் நீதிமன்றத்துக்கும் ஆள் அனுப்ப முடிவதற்கும் முடியாமல் போவதற்கும் உள்ள வித்தியாசம்.

சரி, எங்கே வழுக்குகிறது?

முதல் படி, நிறுவனம் 'தகுதி பெற்ற இதழியல் நிறுவனம்' என்ற அங்கீகாரம் பெற வேண்டும். டி 622 என்ற படிவத்தை வருவாய்த் துறைக்கு அனுப்பினால், இதழியல் தெரிந்த வெளியாட்கள் அடங்கிய ஆலோசனைக் குழு பரிந்துரைக்கிறது, துறை முடிவெடுக்கிறது. உரிமையாளருக்கு உறவோ பிடிமானமோ இல்லாத 2 பத்திரிகையாளர்களாவது வேலையில் இருக்க வேண்டும். கணவன் ஆசிரியர், மனைவி நிருபர், மகன் புகைப்படக்காரர் என்று நடக்கும் வார இதழ் இங்கேயே வெளியே போகிறது. கிராமப்புறப் பத்திரிகைகளில் கணிசமானவை இப்படித்தான் நடக்கின்றன என்பதால், எந்த வகை இதழைக் காப்பாற்ற வேண்டுமோ அதுவே வாசலில் நிற்கிறது. விளையாட்டு, சினிமா, ஒரே ஒரு தொழில்துறை என்று ஒற்றைப் பொருளை மையமாகக் கொண்ட இதழும் தகுதி பெறாது. பொதுச் செய்தியும் நடப்பு நிகழ்வும் பிரதானமாக இருக்க வேண்டும், ஜனநாயக அமைப்புகளைப் பற்றிய செய்தியும் அதில் சேர வேண்டும்.

இரண்டாவது, ஆளின் தகுதி. வாரத்துக்குச் சராசரியாக 26 மணி நேரமாவது வேலை. தொடர்ந்து 40 வாரங்கள் பணியில் இருந்திருக்க வேண்டும் அல்லது இருப்பார் என்று நியாயமாக எதிர்பார்க்க வேண்டும். நேரத்தில் 75 சதவீதம் செய்தி உருவாக்கத்தில் போக வேண்டும். வாரம் 3 நாள் 8 மணி நேரம் வருபவர் 24 மணியில் நின்றுவிடுகிறார், பூஜ்யம். ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்தவர், பூஜ்யம். காலையில் செய்தி எழுதி, மதியம் விளம்பர லே-அவுட் போட்டு, மாலையில் சந்தா வசூலுக்குப் போகிறவர்தான் சிறு பத்திரிகையின் முதுகெலும்பு. அவருடைய செய்தி நேரம் 75ஐத் தொடுகிறதா என்பதைத் தணிக்கையில் நிரூபிக்க வாராந்திர நேரப் பதிவேடு இல்லையென்றால் பேச்சே இல்லை. ஆண்டு முடிந்தபின் ஞாபகத்திலிருந்து எழுதிய பதிவேடு எல்லா வாரத்திலும் ஒரே எண்ணைக் காட்டும்; தணிக்கையாளர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

மூன்றாவது, இரட்டைக் கணக்கு. வேறு அரசுத் திட்டத்தின் பணத்தில் ஒரு நிருபரின் சம்பளம் வந்தால், அந்தத் தொகையைக் கழித்துவிட்டுத்தான் தள்ளுபடியைக் கணக்கிட வேண்டும். உள்ளூர் இதழியல் முன்முயற்சி என்ற பெயரில், 5 ஆண்டுகளுக்கு 5 கோடி டாலர் என்று 2018இல் அறிவித்த திட்டத்தில் ஆள் எடுத்தவர்கள் இதை மறந்து முழுச் சம்பளத்தையும் எழுதினால், தொகை திரும்பப் பிடிக்கப்படும்.

நான்காவதுதான் உண்மையான வலி: நேரம். ஜனவரியில் கொடுத்த சம்பளத்துக்கான பங்கை, நிதியாண்டு முடிந்து, கணக்குத் தாக்கல் செய்து, துறை பரிசீலித்த பிறகுதான் பார்க்க முடியும். ஓராண்டுக்கு மேல் அந்தப் பணம் கையில் இல்லை. வங்கிக் கடனில் ஓட்டினால் வட்டி தள்ளுபடியைத் தின்கிறது. முதல் ஆண்டில் இந்தப் பணத்தை நம்பி ஆள் எடுக்கக் கூடாது. இரண்டாம் ஆண்டில் எடுக்கலாம். மாதாமாதம் சம்பளத்தோடு கட்ட வேண்டிய வரியிலேயே கழித்துக்கொள்ளும்படி அமைத்திருந்தால் இந்தச் சிக்கல் பாதியாகியிருக்கும். வடிவமைப்பில் எனக்குத் தெரிந்த பெரிய பிழை இதுதான்.

வாசகருக்கும் ஒரு சலுகை வைத்திருந்தார்கள்: மின் சந்தாவில் ஆண்டுக்கு 500 டாலர் வரை 15 சதவீதம், அதாவது 75 டாலர். 2020 முதல் 2024 வரை இருந்தது. யானைப் பசிக்குச் சோளப்பொரி. 75 டாலருக்காகச் சந்தா கட்டுபவர் எப்படியும் கட்டியிருப்பார்.

மொத்தத்தில் 10க்கு 7. கையெழுத்துப் போடுபவருக்கு விருப்பு வெறுப்புக்கான இடம் குறைவு, எண்ணப்படுவது ஆள், பணம் தாமதம். பெரிய குழுமத்துக்கு மொத்தத் தொகையில் உச்சவரம்பு இல்லாதது டென்மார்க்கோடு ஒப்பிட்டால் உறுத்துகிறது.

அரசு விளம்பரம்: உதவி வேடத்தில் வரும் கயிறு

மேலே சொன்ன எல்லா மானியத்தையும் கூட்டினாலும் பல நாடுகளில் அரசு விளம்பரத்தின் பக்கத்தில் நிற்காது. ஆஸ்திரியா நல்ல பாடம். 1975 முதல் சட்டப்படி பத்திரிகை மானியம் உண்டு, 2024 முதல் தரமான இதழியலுக்கென்று ஆண்டுக்குச் சுமார் 2 கோடி யூரோ தனியாகவும் உண்டு. ஆனால் அமைச்சகங்களும் அரசு நிறுவனங்களும் விளம்பரத்துக்குக் கொட்டும் பணம் இதைவிடப் பல மடங்கு. மானியத்துக்கு வாய்ப்பாடு இருக்கிறது. விளம்பரத்துக்கு அமைச்சக அதிகாரியின் தொலைபேசி இருக்கிறது. 2021 அக்டோபரில் அந்நாட்டுப் பிரதமர் பதவி விலகியதற்குப் பின்னணியாக இருந்த விசாரணை, சாதகமான செய்திக்கும் கருத்துக்கணிப்புக்கும் விளம்பரப் பணம் பேசப்பட்டதா என்பது பற்றியதுதான். அவர் குற்றச்சாட்டை மறுத்தார். இத்தனைக்கும் விளம்பரச் செலவைக் காலாண்டுதோறும் வெளியிட வேண்டும் என்ற சட்டம் அங்கே 2012 முதல் நடைமுறையில் இருந்தது. காலாண்டுக்கு 5,000 யூரோவுக்குக் கீழ் என்றால் சொல்ல வேண்டாம் என்ற ஓட்டை மட்டும் நெடுநாள் இருந்தது. சட்டத்தில் ஓட்டை சிறியதா பெரியதா என்பது பிரச்சினை இல்லை. அதன் வழியாக எத்தனை தடவை கையை விடலாம் என்பதுதான்.

நிறுத்துவது கொடுப்பதைவிடப் பயங்கரமான ஆயுதம். அர்ஜென்டினாவின் நெவுக்கேன் மாகாண அரசு, ஊழல் செய்தி வெளியிட்ட 'ரியோ நெக்ரோ' நாளிதழுக்கு விளம்பரத்தை வெட்டியது. 2007இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதைத் தவறு என்றது: அரசு விளம்பரம் கொடுக்கக் கடமைப்படவில்லை என்றாலும், கொடுப்பதென்று முடிவெடுத்தபின் காரணமில்லாமல் பாரபட்சம் காட்ட முடியாது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஒரு சிறு பத்திரிகை உச்ச நீதிமன்றம் வரை உயிரோடு போய்ச் சேர வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஊடகச் சுதந்திரச் சட்டம் 2025 ஆகஸ்ட் 8 முதல் முழுமையாக அமலானது. யாருக்கு எவ்வளவு விளம்பரம் கொடுத்தோம் என்று அரசு அமைப்புகள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்கிறது. படிக்கும்போது கண் நிற்கும் இடம்: 1,00,000 பேருக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட உள்ளாட்சிகளுக்கு உறுப்பு நாடுகள் விலக்குத் தரலாம். சிறு உள்ளூர்ப் பத்திரிகை வாழ்வதும் மிரட்டப்படுவதும் அந்த அளவு ஊரில்தான்.

செய்து காட்டிய ஓர் ஊரும் உண்டு. நியூயார்க் மாநகராட்சி 2019இல் ஒரு நிர்வாக ஆணை போட்டது: நகரத் துறைகள் அச்சு, மின் விளம்பரச் செலவில் பாதியையாவது சமூக, இனக்குழு ஊடகங்களுக்குத் தர வேண்டும். பிறகு அதையே உள்ளூர்ச் சட்டமாக்கிவிட்டார்கள். மேயர் மாறினால் ஆணை போய்விடும், சட்டம் நிற்கும் என்பதால் இரண்டாவது அடிதான் பெறுமதி. பட்டியலில் யார் சேரலாம் என்ற நிபந்தனை வெளிப்படையாக இருந்தால் அரசு விளம்பரமும் ஓரளவு வாய்ப்பாடாக மாறும் என்பதற்கு உதாரணம்.

வேலை நடக்கும் விதத்திலும் இந்தச் சேவை மோசம். ஆணை வருகிறது, வெளியிடுகிறீர்கள், விளம்பரம் வந்ததற்குச் சான்றான வவுச்சர் காப்பியோடு பில் அனுப்புகிறீர்கள், பிறகு காத்திருப்பு. ஆணையில் சொன்ன அளவைவிடச் சில சதுர சென்டிமீட்டர் மாறினாலும், தேதி ஒருநாள் தள்ளினாலும், வேறு பதிப்பில் வந்தாலும் பில்லை வெட்டலாம் அல்லது திருப்பலாம். வெளியிட்ட அன்றே பக்கத்தின் முழுப் பிரதி, ஆணை எண், அளவு மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். பாக்கி ஏற ஏற, அதை வசூலிப்பதற்காகவே பத்திரிகைக்காரர்கள் மென்மையாக எழுத ஆரம்பிப்பார்கள். யாரும் மிரட்டியிருக்க மாட்டார்கள். மொத்த வருமானத்தில் ஒரே அரசு அமைப்பின் விளம்பரம் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அபாய மணி என்பது என் கணிப்பு. 10க்கு 3.

திட்டநிதிகள், தளங்களின் பணம், காகிதம்

குறிப்பிட்ட செய்தித் திட்டத்துக்கு விண்ணப்பித்து வாங்கும் நிதி கவர்ச்சியானது, குறுகிய ஆயுள் கொண்டது. நியூசிலாந்து 2021இல் 3 ஆண்டுகளுக்கு 5.5 கோடி நியூசிலாந்து டாலர் பொதுநல இதழியல் நிதி அறிவித்தது. முடிவெடுத்தது அமைச்சகம் அல்ல, தனி ஆணையம்தான். ஆனாலும் விண்ணப்ப நிபந்தனைகளில், பிரிட்டிஷ் அரசும் பூர்வகுடி மாவோரித் தலைவர்களும் செய்துகொண்ட வைத்தாங்கி ஒப்பந்தத்தின் கோட்பாடுகளுக்கு உறுதி தர வேண்டும் என்ற வரி இருந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, 'பத்திரிகைகளை அரசு விலைக்கு வாங்கிவிட்டது' என்று எதிர்ப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் அடித்தார்கள். ஒப்பந்தத்தின் நியாயம் வேறு விஷயம். உதவிப் படிவத்தில் கொள்கை வாசகம் ஏறினால் நிதி வாங்கியவர், வாங்காதவர் எல்லோர் மேலும் சந்தேகம் விழுகிறது என்பது பாடம்.

பிரிட்டனின் உள்ளூர் ஜனநாயக நிருபர் சேவை இதைவிட உருப்படி. பிபிசியின் உரிமக் கட்டணத்திலிருந்து சுமார் 165 நிருபர்களுக்குச் சம்பளம். அவர்கள் வேலை செய்வது உள்ளூர்ச் செய்தி நிறுவனங்களில். உள்ளாட்சி மன்றக் கூட்டங்கள்தான் பணி, எழுதியதைச் சேர்ந்துள்ள எல்லா நிறுவனங்களும் பயன்படுத்தலாம். எண்ணப்படுவது என்ன என்பது மிகத் தெளிவு: கூட்டத்தில் ஆள் உட்கார்ந்தாரா? குறை, பணியிட ஒப்பந்தங்கள் தொடக்கத்தில் பெரும்பாலும் பெரிய குழுமங்களுக்கே போயின. சிறிய நிறுவனம் செய்தியை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், நிருபரை வைத்துக்கொள்வது அரிது.

வாக்காளர் ஒத்துக்கொள்வாரா என்பதையும் கணக்கில் வையுங்கள். சுவிட்சர்லாந்தில் ஆண்டுக்கு 15.1 கோடி பிராங்க் கூடுதல் ஊடக உதவிச் சட்டத்தை 2022 பிப்ரவரி பொதுவாக்கெடுப்பில் 54.6 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். பெரிய பதிப்பகங்களுக்கும் பங்கு போகும் என்பது எதிர்ப்பாளர்களின் முக்கிய வாதம். ஜெர்மனியில் 22 கோடி யூரோ திட்டம் அச்சுப் பதிப்பாளர்களுக்கு மட்டும் என்று இருந்ததால், திரையில் மட்டும் வெளியாகும் இதழ் ஒன்று வழக்குத் தொடுப்போம் என்றது. 2021இல் அரசே கைவிட்டது. யாரையாவது வெளியே நிறுத்திய திட்டம், வெளியே நிற்பவரால்தான் சாகிறது.

கூகுள், முகநூலின் தாய் நிறுவனமான மெட்டா போன்ற இணையத் தளங்களிடமிருந்து பணம் வாங்கித் தரும் சட்டங்களைப் பற்றிச் சுருக்கமாக. ஆஸ்திரேலியா 2021இல் கொண்டுவந்தது, ஒப்பந்தங்கள் வந்தன, 2024இல் மெட்டா புதுப்பிக்க மாட்டேன் என்றது. கனடாவில் 2023இல் சட்டம் நிறைவேறியதும் மெட்டா ஆகஸ்டிலிருந்து செய்திகளையே முடக்கிவிட்டது. கூகுள் ஆண்டுக்கு 10 கோடி கனடிய டாலர் தர ஒப்புக்கொண்டது. பணம் வந்தவருக்கு நல்லது. ஆனால் வாசகர்களை முகநூல் வழியாகப் பெற்றுவந்த சிறு இதழ் ஒரே நாளில் அந்த வாசகர் வரவை இழந்தது. இதை உதவியென்று பட்டியலில் சேர்க்க மனம் வரவில்லை. காற்று அடிக்கும்போது தூற்றிக்கொள்ளலாம்.

காகித ஒதுக்கீடு பழைய கதை என்றாலும் மறக்கக் கூடாது. மெக்சிகோவில் 1935இல் தொடங்கிய பிப்சா என்ற அரசு நிறுவனம் பல பத்தாண்டுகள் பத்திரிகைக் காகிதத்தைச் சலுகை விலையில் கொடுத்தது; வேண்டாதவருக்குக் காகிதம் தாமதமாகும். இந்தியாவில் பக்கத்துக்கு இவ்வளவு விலை என்ற சட்டத்தை 1961இலும், பத்துப் பக்க வரம்பு கொண்ட காகிதக் கொள்கையை 1972இலும் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. சிறு பத்திரிகைகளைக் காப்பதுதான் நோக்கம் என்றே அரசு இரண்டு முறையும் வாதாடியது.

விண்ணப்பிக்கப் போகிறவரின் கோப்பு

எந்த நாட்டுத் திட்டமானாலும் கேட்பவை ஏறக்குறைய ஒன்றுதான்: பங்குதாரர் விவரம், ஆசிரியர் முடிவில் உரிமையாளர் தலையிட மாட்டார் என்ற எழுத்து மூல உறுதி, வெளியார் சரிபார்த்த பிரதி அல்லது சந்தா எண்ணிக்கை, நியமனக் கடிதங்கள், நேரப் பதிவேடு, சொந்தமாக எழுதிய செய்தியின் விகிதம். கடைசியில் சொன்னதில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். செய்தி முகமையிலிருந்து வாங்கியது, அரசு செய்திக்குறிப்பு, சொந்தச் செய்தி மூன்றையும் பக்கம் போடும்போதே குறியிட்டு வைத்தால் ஆண்டு முடிவில் எண்ணிவிடலாம். பழைய இதழ்களைப் புரட்டி எண்ண ஆரம்பித்தால் இரண்டு ஆள் ஒரு மாதம் உட்கார வேண்டும். பிரதி எண்ணிக்கையை விளம்பரதாரரிடம் ஒன்று, மானிய அலுவலகத்தில் ஒன்று என்று சொல்லும் பழைய பழக்கம் இருந்தால், விண்ணப்பத்துக்கு முன் அதை விட்டுவிடுங்கள். இரண்டு ஆவணமும் ஒரே மேசைக்கு வந்துசேரும் நாள் வரும்.

உதவிப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். கிடைத்த தொகையையும் கொடுத்த அமைப்பின் பெயரையும் உங்கள் இதழிலேயே ஆண்டுக்கு ஒருமுறை அச்சிடுங்கள்; எதிராளி கண்டுபிடித்துச் சொன்னால் அதே எண் ஊழல் போலத் தெரியும். அந்தப் பணத்தில் எடுக்கும் ஊழியரின் ஒப்பந்த முடிவுத் தேதியை மானியம் முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்பாகவே வையுங்கள். கடைசித் தவணை எந்த நாட்டிலும் சரியான நாளில் வருவதில்லை. அந்த மூன்று மாதச் சம்பளம்தான் அது வரும்வரை அலுவலக வாடகை.